ஆறாம் வளைவில் சாய்ந்த குச்சிகள்

1. ஹாரன் கேட்காத இடம்

வேலை தொடங்கிய முதல் நாள் காலையில் கவிதா என்னிடம் கேட்டது இதுதான்.

"ஏனுங்கண்ணா, இந்த எடத்துல நின்னா மட்டும் பஸ் ஸ்டாண்டு ஹாரன் கேக்கறதில்லீங்களே, அதென்னுங்க?"

"மரம் மறைக்குதும்மா" என்றேன்.

மரம் ஒன்றும் மறைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு எங்கள் காலுக்குக் கீழேதான் கிடந்தது. பள்ளிவாசல் ஊருக்குப் போகிற பஸ்ஸின் போர்டை அங்கிருந்தே படிக்கலாம். பத்தடி மேலே ஏறினால் ஹாரன் கேட்கும், பத்தடி கீழே இறங்கினாலும் கேட்கும். நடுவில் அந்த ஒரு துண்டு நிலத்தில் மட்டும் காதில் பஞ்சு வைத்த மாதிரி இருக்கும். முப்பத்தொரு வருடம் தேயிலைத் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தவன் நான். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. அதனால் மரம் என்று சொல்லிவிட்டு டேப்பை விரித்தேன்.

பார்க்கில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் என்னை விடாமல் கேட்டதால் இதை எழுதுகிறேன். திறப்பு விழா அன்று என்ன நடந்தது என்று ஊரில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்கிறார்கள். என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்கிற கதைகளும் அதில் உண்டு. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் தப்பால் கவிதாவும் பன்னிரண்டு பிள்ளைகளும் அன்றைக்கு ஆறாம் வளைவில் சைக்கிளோடு போயிருப்பார்கள். போகாமல் நின்றதற்குக் காரணம் நான் இல்லை. நான் வேலையை விட்டு விரட்டிய செல்வமேரி.

பார்க் வந்த கதை சின்னது. எங்கள் டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கைவிட்ட தேயிலைச் சரிவு ஒன்று உண்டு. எஸ்டேட்காரர்கள் அதைப் பஞ்சாயத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே மலைச் சைக்கிள் ஓட்டுகிற பார்க் கட்டுவது என்று முடிவாயிற்று. கீழே சமதளத்தில் மேடும் பள்ளமுமாக ஒரு பம்ப் டிராக். உச்சியிலிருந்து ஒன்பது வளைவுகளோடு இறங்கி வருகிற டிரெயில் ஒன்று. டிரெயில் என்பது சைக்கிள் மட்டும் போகிற மண் தடம், அவ்வளவுதான்.

அதை வரைந்து கட்ட வந்தவள் கவிதா. பெருமாட்டிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிற குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்குச் சேர்த்த காசைச் சைக்கிளில் போட்டவள் என்று அவள் அப்பா என்னிடம் போனில் குறைபட்டுக்கொண்டார். வெளி மாநிலங்களில் நாலைந்து டிரெயில் கட்டியிருக்கிறாள். சொந்த ஊர் இருக்கிற மாநிலத்தில் இதுதான் முதல். எஸ்டேட் லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, பன்னிரண்டு பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் பழக்கினாள். திறப்பு விழா அன்று அவள் முன்னால் போக, அவர்கள் பின்னால் வரிசையாக இறங்க வேண்டும். அவளுக்கு அது ஒன்றுதான் கனவு.

என்னைச் சேர்த்துக்கொண்டது கான் தெரிந்தவன் என்பதற்காக. மழைத்தண்ணி மண்ணை இழுத்துக்கொண்டு போகாமல் இருக்கத் தேயிலைக் காட்டில் குறுக்கே வெட்டியிருக்கிற வாய்க்காலைத்தான் கான் என்போம். நான் அவளிடம் சொன்னேன், புதிதாக மலையை வெட்ட வேண்டாம், பழைய கானை மூடி அகலப்படுத்தினால் அளவான சரிவில் தடம் தானே கிடைக்கும் என்று. அவள் குனிந்து பார்த்தாள், சைக்கிளை உருட்டிப் பார்த்தாள், சிரித்தாள்.

"உங்களுக்குக் கோடி புண்ணியமுங்க. பாதி வேலை மிச்சமுங்க."

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கானை மூடினால் அதில் ஓடின தண்ணி எங்கே போகும் என்று நானும் கேட்கவில்லை.

2. மூன்று தட்டு

எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு துண்டையும் காடு என்போம், நம்பர் போட்டு. பார்க்கின் நடுப்பகுதி, அதாவது ஐந்தாம் வளைவிலிருந்து ஏழாம் வளைவு வரை, பழைய பத்தாம் நம்பர் காடு. அங்கேதான் பத்தாம் நம்பர் லயம் இருந்தது. நான் சர்வீஸில் சேருவதற்கு முந்தி ஒரு மழைக்காலத்தில், பட்டப்பகலில், ஆட்கள் கொழுந்து எடுக்கப் போயிருந்த நேரத்தில் மலை சரிந்து லயத்தை மூடிவிட்டது. உள்ளே இருந்தவர்கள் காய்ச்சலாகப் படுத்திருந்தவர்களும் பிள்ளை பெற்றிருந்தவர்களும்தான். சிலரை எடுத்தார்கள். சிலரை எடுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் காட்டில் கவாத்து வெட்டவில்லை. வெட்டாத தேயிலை செடியாக இருக்காது, மரமாகிவிடும். முறுக்கிக்கொண்டு பாசி பிடித்து ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. அதன் நடுவில் மஞ்சு இறங்கினால் பக்கத்தில் நிற்கிறவன் முகம் தெரியாது.

என்னிடம் வேலைக்கு வந்தது எட்டுப் பெண்கள். எல்லாருமே எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர்கள். ஆளுக்கொரு மட்டக்கம்பு கொண்டு வருவார்கள். கொழுந்து எடுக்கையில் செடியின் மேல் கிடத்தி மட்டம் பார்க்கிற நீளக் கம்பு அது. இங்கே அதற்கு வேலையே இல்லை. ஆனாலும் கொண்டு வந்தார்கள். பத்தாம் காட்டின் வாசலுக்கு வந்ததும் ஒருத்தி கம்பால் தரையில் மூன்று தரம் தட்டுவாள். எட்டுப் பேரும் தலையைக் குனிந்து அசையாமல் நிற்பார்கள். பிறகு உள்ளே இறங்குவார்கள்.

என் சர்வீஸ் முழுக்க மற்றக் காடுகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். செத்தவர்களுக்கு ஜெபம் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் இங்கே கெடு இருந்தது. மூன்றாம் நாள் காலைப் பெரட்டில், அதாவது ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடத்தில், கறாராகச் சொல்லிவிட்டேன்.

"வேலை நேரத்துல ஜெபம் வேண்டாம். ஞாயித்துக்கெழமை கோயில்ல வச்சுக்கங்க. கம்பையும் இனிமே கொண்டாராதீங்க."

எட்டுக் கம்பும் சாமான் வைக்கிற கன்டெய்னர் பக்கத்தில் சாத்தப்பட்டன.

இந்த இடத்தில் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஸ்டேட்டில் ஒரு பழக்கம் உண்டு. சூப்பர்வைசர் கேட்டால்தான் பதில். கேட்காததற்குப் பதில் சொன்னால் அது வாய்க்கொழுப்பு. அந்தப் பழக்கத்தை அவர்களுக்குப் போட்டுக் கொடுத்தது என்னை மாதிரி ஆட்கள்தான். அன்றைக்கு நான் உத்தரவு போட்டேன், கேள்வி கேட்கவில்லை. அதனால் அவர்களும் சொல்லவில்லை.

அன்று மாலை ஓடைப் பக்கம் போனேன். பத்தாம் காட்டுக்கு நேர் கீழே ரோட்டுக்கு அடியில் தண்ணி போகிற கலுங்கில் ஒரு எனாமல் தட்டு கிடந்தது. ஓரம் உடைந்திருந்தது, ஆனால் கழுவி வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அடியில் ஆணியால் நாலு என்று குத்தியிருந்தது. யாரோ சுற்றுலா வந்தவன் போட்டுவிட்டுப் போனதாக்கும் என்று எடுத்து வந்தேன். குச்சிகளின் தலையில் அடிக்கச் சிவப்புப் பெயின்ட் கலக்க ஒரு தட்டு வேண்டியிருந்தது. அதற்கு வைத்துக்கொண்டேன்.

3. குச்சி

டிரெயில் போகிற வழியில் குச்சி அடித்து நைலான் கயிறு கட்டுவோம். அதற்குள்தான் வெட்டு. ஆறாம் வளைவுக்கு மட்டும் பதினெட்டுக் குச்சி. நானே அடித்தேன், நானே மட்டம் பார்த்தேன்.

மறுநாள் காலையில் நடுவில் ஐந்து குச்சிகள் சாய்ந்திருந்தன. ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் காற்று, மாடு, பன்றி என்று ஏதாவது சொல்லலாம். இவை வட்டத்தில் நிற்கிறவர்கள் நடுவில் எதையோ எட்டிப் பார்க்கிற மாதிரி, ஒன்றையொன்று பார்த்து உள்பக்கமாகச் சாய்ந்திருந்தன. நிமிர்த்தி அடித்தேன். அடுத்த நாளும் அதே ஐந்து. அதே மாதிரி. மூன்றாம் நாள் கனமான சுத்தியலால் அரை முழம் கூடுதலாக இறக்கினேன். காலையில் வந்து பார்த்தால் கயிறு தொய்ந்து தரையில் கிடந்தது.

சுற்றிலும் ஒரு கால்தடம் இல்லை. மழைத்தண்ணி அழித்திருக்கும் என்று நினைத்தேன். நினைத்துக்கொள்ள விரும்பினேன் என்பதுதான் சரி. பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும். வீட்டிலும் அப்படித்தான், என் மனைவியைக் கேட்டால் சொல்வாள்.

எஸ்டேட்டில் ஒரு கணக்கு உண்டு. நடவுக்கு அடித்த குச்சி நகர்ந்தால் ஆளைப் பிடி. யார் கடைசியாக அந்த வரிசையில் இருந்தது, யார் மேல் மனத்தாங்கல் இருக்கிறது, அவ்வளவுதான் விசாரணை. தரை நகர்ந்திருக்கும் என்று ஒரு சூப்பர்வைசரும் யோசித்ததில்லை. எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் அப்படித்தான் ரிட்டயர் ஆனேன்.

நாலாம் நாள் மத்தியானம் எல்லாரும் சோற்றுக்கு இறங்கின பிறகு நான் மட்டும் மேலே போனேன். மஞ்சு கெட்டியாக இருந்தது. ஆறாம் வளைவில் ஒரு உருவம் குனிந்திருந்தது. கிட்டப் போனால் செல்வமேரி. முழங்கால் போட்டு, ஒரு குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

அவள் திடுக்கிடவில்லை. குச்சியை விடவும் இல்லை.

"நடுங்குது சார். நீங்களும் பிடிச்சுப் பாருங்க."

நான் பிடிக்கவில்லை. கையும் களவுமாக அகப்பட்டவள் பேச்சை மாற்றுகிறாள் என்று நினைத்தேன். செல்வமேரி நாற்பது தாண்டினவள். புருஷன் இல்லை. அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருத்தியான ஜெனிபர் அவள் மகள். இரண்டு பேருக்கும் இந்த வேலைதான் சோறு. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அடுத்த நாள் பெரட்டில் எல்லார் முன்னாலும் அவளைத் தனியாக நிறுத்தினேன்.

"குச்சியைப் புடுங்கிக் கெடுவைத் தள்ளுனா கூலி நாள் கூடும்னு நெனச்சியா?"

"நான் என்னத்துக்கு சார் புடுங்கப் போறேன்" என்றாள். சத்தம் எழும்பவில்லை. "எம் மக அந்த வழியாத்தான போகப் போறா."

அந்த ஒரு வாக்கியம் போதும், எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. "கம்பை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ" என்றேன். சாத்தியிருந்த எட்டுக் கம்பில் தன்னுடையதை எடுத்துக்கொண்டு அவள் இறங்கினாள். மற்ற ஏழு பேரும் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கவிதா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அந்தக்கா எதுக்குங்கண்ணா புடுங்கோணும்? பொம்பளப்புள்ளையவும் இங்கதானுங்க உட்டுருக்குது."

"எஸ்டேட்டு ஆளுங்களைப் பத்தி உனக்குத் தெரியாதும்மா. எனக்குத் தெரியும்."

அவள் என் வயசுக்கு மரியாதை கொடுத்தாள். அந்த மரியாதைக்கு நான் தகுதியாக இல்லை.

4. ஐப்பசி மழை

செல்வமேரி போன இரண்டாம் நாளே ஆறாம் வளைவின் பெர்ம் எழும்பிவிட்டது. வளைவில் சைக்கிள் வெளியே தெறிக்காமல் இருக்கச் சுவர் மாதிரிச் சரித்துக் கட்டுகிற மண்மேடுதான் பெர்ம். மண் போட்டுத் தட்டி இறுக்கினதும் குச்சிகளைப் பிடுங்கிப் போட்டோம். குச்சியே இல்லை என்றால் சாய்வதற்கு என்ன இருக்கிறது? நானோ அவளை விரட்டினதால்தான் தொந்தரவு நின்றது என்று எடுத்துக்கொண்டேன். ஏழு பேரிடமும் அதைச் சொல்லியும் காட்டினேன். என் புத்தி அப்படி வேலை செய்தது.

ஐப்பசி மழை வந்தது. எங்கள் ஊரில் அது மத்தியானம் இரண்டு மணிக்குக் கடிகாரம் பார்த்த மாதிரி வரும். பக்கத்துச் சரிவுகளில் மழை விட்டு அரை மணி நேரத்துக்கு ஓரங்களில் தண்ணி ஓடுகிற சத்தம் இருக்கும். பத்தாம் காட்டில் ஒரு சொட்டு மேலே ஓடவில்லை. விழுகிற தண்ணியை எல்லாம் மண் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. கீழே கலுங்கில் மட்டும் பால் கலந்த மாதிரி வெள்ளைத் தண்ணி வந்தது. அதோடு ஒரு கரண்டி வந்தது. இன்னொரு நாள் தூக்குவாளியின் மூடி. பிறகு பாதி உடைந்த சிலேட்டு. நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குப்பைச் சாக்கில் போட்டேன். மேலே யாரோ குப்பை கொட்டுகிறார்கள் என்று பஞ்சாயத்து மெம்பரிடம் புகார் கூடச் சொன்னேன்.

அந்த நாட்களில் ஏழு பெண்களும் ஆறாம் வளைவில் பேசிக்கொள்ள மாட்டார்கள். மற்ற இடத்தில் சலசலவென்று பேச்சு இருக்கும். அங்கே வந்ததும் வாய் மூடும். காலைப் பரப்பி, மெதுவாக, தூங்குகிறவர்களைத் தாண்டிப் போகிற மாதிரி நடப்பார்கள். என்னோடு வருகிற தெருநாய் ஐந்தாம் வளைவில் உட்கார்ந்துவிடும். பிஸ்கட் காட்டினாலும் வராது. நான் ஏழாம் வளைவுக்கு இறங்கினால், அது பெரிய சுற்றுச் சுற்றிக் காட்டுக்கு வெளியே வந்து என்னோடு சேர்ந்துகொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் முதல் நாலு வளைவிலும் பம்ப் டிராக்கிலும் பழகினார்கள். முழுத் தடத்தையும் திறப்பு நாளில்தான் ஓட வேண்டும், அதுவரை மண் இறுகட்டும் என்பது கவிதாவின் கட்டளை. ஜெனிபர் எனக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தியிருந்தாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போவாள். சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு திமிரா என்று நினைத்தேன்.

5. திறப்பு விழா காலை

திறப்பு விழா பத்தரைக்கு. நான் ஏழு மணிக்கே மேலே ஏறினேன். முந்தின நாள் சாயங்காலம் ஆறாம் வளைவில் இரண்டு கொடிக்கம்பம் நட்டிருந்தோம். இரும்புக் குழாய். தூக்குநூல் விட்டு நேர் பார்த்து நட்டது.

மஞ்சு அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் நீட்டின கை மங்கலாகத் தெரிந்தது. நாலாம் வளைவில் பஸ் ஸ்டாண்டின் ஹாரன் கேட்டது, மைக் டெஸ்டிங் கேட்டது. ஐந்தாம் வளைவைத் தாண்டினதும் எல்லாம் நின்றது. அந்த நிசப்தத்தில் ஒரு சத்தம் மட்டும் வந்தது.

தொம். தொம். தொம்.

கொஞ்சம் நின்றது. மறுபடியும் மூன்று.

மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டேதான் நாலு எட்டு வைத்தேன். கொடிக்கம்பங்கள் இரண்டும் மஞ்சுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. இரண்டும் தலையோடு தலை முட்டுகிற மாதிரி உள்பக்கமாகச் சாய்ந்திருந்தன. அதற்கு இந்தப் பக்கம் மட்டக்கம்போடு செல்வமேரி நின்றாள்.

பயம் போய்க் கோபம் வந்தது. "நீயா? இன்னைக்குமா?" என்று கத்தினேன்.

"கீழ பாருங்க சார்" என்றாள்.

"என்ன கீழ?"

"மண்ணைப் பாருங்க. எங் கால்தடம் எதுவரைக்கும் இருக்குன்னு பாருங்க."

பார்த்தேன். இராத்திரி மழை பெய்து மண் பிசைந்த மாவு மாதிரி இருந்தது. அவள் தடம் வெளியிலிருந்து வந்து அவள் நிற்கிற இடத்தோடு முடிந்திருந்தது. அதற்கு அந்தப்பக்கம், கொடிக்கம்பம் வரைக்கும், பெர்ம் வரைக்கும், ஒரு கோழிக் கால் பட்ட அடையாளம் கூட இல்லை. கம்பத்தைத் தொட ஒருத்தரும் போகவில்லை.

"அப்போ யாரு?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"யாருமில்ல சார். தரைதான்."

பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க ஜெபம்னு சொன்னீக. நாங்க ஜெபம் பண்ணல சார். கேட்டுக்கிட்டு இருந்தோம். தட்டுனா தரை 'தட்'டுன்னு சொல்லணும். 'தொம்'முன்னு சொன்னா அன்னைக்கு அந்தக் காட்டுல எறங்க மாட்டோம், வேற காட்டுக்குப் போயிருவோம். லயம் போறதுக்கு முந்தி ஒரு வாரமா வீட்டுத் தரை தொம்தொம்முன்னுச்சு. எங்கம்மா சொன்னாக. கணக்கப்பிள்ளைகிட்ட யாரும் சொல்லல. அவரு கேக்கல."

"உங்கம்மா?"

"காய்ச்சல்னு படுத்திருந்தாக. நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன். எடுக்க முடியல சார்."

கம்பை என்னிடம் நீட்டினாள். அவள் நின்ற இடத்திலேயே நின்று தட்டினேன். உள்ளங்கையில் அதிர்ந்தது. மண்ணில் தட்டின மாதிரியே இல்லை. பெரிய வெறும் வீட்டின் கதவைத் தட்டின மாதிரி இருந்தது. உள்ளிருந்து சத்தம் திரும்பி வந்தது. செல்வமேரி என்னைக் கூர்ந்து பார்த்தாள். நான் கம்பைக் கீழே போட்டுவிட்டேன்.

6. பத்தரை மணி

கவிதாவுக்குப் போன் போட்டேன். அவள் ஓட்டமாக வந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே சைக்கிளைப் படுக்கப் போட்டாள். கன்டெய்னரிலிருந்து கடப்பாரை கொண்டு வந்திருந்தேன். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பெர்மின் ஓரத்தில் ஒரு குத்து குத்தினேன். முதல் குத்தில் ஒரு சாண் இறங்கியது. இரண்டாம் குத்தில் என் கையை உருவிக்கொண்டு போய்விட்டது.

ஆள் உயரக் கடப்பாரை. மூன்று பேரும் காது கொடுத்து நின்றோம். அது எங்கேயும் விழுந்த சத்தம் வரவில்லை.

அந்தத் துவாரத்திலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. சாம்பல் வாசனை இருந்தது, அடுப்பு அணைத்த வீட்டில் வருமே, அது. எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றியதா என்று தெரியவில்லை. செல்வமேரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கவிதா அந்த ஓட்டையைப் பார்த்தாள். எட்டு மாத உழைப்பு அவளுக்கு. "முடிஞ்சுதுங்கண்ணா" என்றாள். "இன்னைக்கு இங்க ஒரு சக்கரம் உருளக் கூடாதுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐந்தாம் வளைவில் டேப் கட்டப் போனாள்.

கீழே மலையாளியான மெம்பர் காத்திருந்தார். ரோஜா மாலை, ரிப்பன், செண்டை மேளம் எல்லாம் தயார்.

"ஞானராஜ் சாரே, எம்எல்ஏ பொறப்பட்டாச்சு. உத்காடனம் பத்தரைக்கு. இப்போ வந்து குழின்னு சொன்னா எப்படி சரியாகும்? பசங்க ஒரே ஒரு ரவுண்டு போகட்டும், போட்டோ எடுத்தாப் போதும். அப்பறம் அடைச்சுக்கலாம்."

"போக முடியாது சார்."

"நேத்து வரைக்கும் நீங்கதானே உறப்புன்னு சொன்னது? ஆறாம் வளைவுல லாரியே ஓட்டலாம்னு சொன்னீங்க."

சொன்னது நான்தான். அந்த நேரத்தில் மழை, மண் என்று பழியைத் தள்ளிவிட்டிருக்கலாம். எனக்குப் பின்னால் ஏழு பெண்களும் பன்னிரண்டு பிள்ளைகளும் நின்றார்கள். ஜெனிபர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"நான் சொன்னது தப்பு" என்றேன். மைக் பக்கத்தில் இருந்ததால் மைதானம் முழுக்கக் கேட்டது. "குச்சி நடுங்குதுன்னு செல்வமேரி முன்னாலயே சொல்லுச்சு. நான் அதைத் திருடியைப் போல நிறுத்தி விரட்டினேன். சாஞ்சது தரை. பழைய கானை மூடச் சொன்னதும் நான்தான். இந்த வழியில யாரையாவது அனுப்பணும்னா என்னை அனுப்பிட்டு அனுப்புங்க."

மெம்பர் முகம் கறுத்துப்போயிற்று. ஆனாலும் அவர் கெட்ட மனுஷர் இல்லை. பிள்ளைகளைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், "பம்ப் டிராக்குல போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ரிப்பன் கீழேயே வெட்டப்பட்டது. கவிதா முன்னால் போக, பிள்ளைகள் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினார்கள். கைதட்டல் பலமாக இருந்தது. வந்தவர்களுக்கு அதுதான் பார்க் என்று தோன்றியிருக்கும்.

நானும் செல்வமேரியும் ஐந்தாம் வளைவில் டேப்புக்குக் காவல் நின்றோம். யாராவது வேடிக்கை பார்க்க ஏறிவிடக் கூடாதே என்று. மஞ்சு விலகி வெயில் வந்திருந்தது. மழை இல்லை, காற்று இல்லை. பிள்ளைகள் இறங்கியிருக்க வேண்டிய நேரம் கடந்து பத்து நிமிஷம் இருக்கும். கீழே இன்னும் கைதட்டுகிறார்கள் என்று கண்ணால் பார்த்தேன், சத்தம் கேட்கவில்லை.

பெர்ம் கீழே போயிற்று.

இடி இல்லை, வெடி இல்லை. தூங்குகிறவர் புரண்டு படுத்து மூச்சு விடுகிற சத்தம் போல ஒன்று. அவ்வளவுதான். ஆறாம் வளைவு இருந்த இடத்தில் ஒரு ஜீப் முழுசாக இறங்கும் அளவுக்குப் பள்ளம். கொடிக்கம்பங்களில் ஒன்று காணவில்லை. இன்னொன்று விளிம்பில் நேராக நின்றது. முந்தின நாள் நான் நட்ட மாதிரியே நேராக.

அந்த நிமிஷத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு ஹாரன் அங்கே கேட்கிறது. இப்போதும் நீங்கள் போய் நின்று பார்க்கலாம்.

7. நாலாம் நம்பர்

மண் பார்க்க வந்த ஆபீசர் நல்ல மாதிரி விளக்கினார். மலைக்கு உள்ளே தண்ணி குழாய் மாதிரி வழி அரித்துக்கொண்டு போயிருக்கிறது. பழைய லயம் புதைந்த இடம் ஏற்கெனவே பொக்கு. கானை மூடினதும் மேலே ஓடின தண்ணியும் அதற்குள் இறங்கிவிட்டது. கலுங்கு வழியாக மண் கரைந்து வெளியேற, உள்ளே வெறும் கூடு மட்டும் மிஞ்சியது. மலை கழுவிக் கழுவி வெளியே வைத்ததைத்தான் நான் குப்பை என்று சாக்கில் போட்டிருந்தேன்.

அன்று மாலை சாக்கை அவிழ்த்துக் கன்டெய்னர் வாசலில் பரப்பினேன். ஏழு பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். கரண்டி, மூடி, சிலேட்டு. ஒவ்வொன்றையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். செல்வமேரி எதையும் எடுக்கவில்லை.

"தட்டு ஏதாச்சும் வந்துச்சா சார்? அடியில நாலுன்னு குத்தியிருக்கும். எங்க வீடு நாலாம் நம்பரு."

நான் உள்ளே போய் அதை எடுத்தேன். அதில் சிவப்புப் பெயின்ட் காய்ந்து தடித்துப்போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி எவ்வளவு தேய்த்தும் முழுசாகப் போகவில்லை. அப்படியே கொண்டுவந்து கொடுத்தேன். மன்னித்துக்கொள் என்று சொன்னேன். என் சர்வீஸில் ஒரு தொழிலாளியிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் தட்டைத் திருப்பி நாலைத் தடவிப் பார்த்தாள். மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

இப்போது டிரெயில் பத்தாம் காட்டைத் தொடாமல் சுற்றிப் போகிறது. கான்களைத் திரும்ப வெட்டிவிட்டோம். கவிதா அதற்கு மறுபடி வந்து ஆறு மாதம் தங்கினாள். பள்ளத்தைச் சுற்றி வேலி போட்டிருக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு அங்கே மெழுகுவர்த்தி வைக்க ஆட்கள் வருகிறார்கள். செல்வமேரிதான் பார்க்கின் டிரெயில் மேஸ்திரி. காலையில் அவள் ஒன்பது வளைவிலும் தட்டிக் கேட்டுவிட்டுச் சரி என்றால்தான் கேட் திறக்கும். கலெக்டரே வந்தாலும் அதற்கு முன்னால் சைக்கிள் இறங்காது.

பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஒரு குச்சி சாய்ந்திருந்தால் யார் சாய்த்தது என்று கேட்பதற்கு முன்னால், அதன் மேல் கையை வைத்துப் பாருங்கள். பக்கத்தில் நிற்கிற ஆளிடம் உனக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படி நாம்தான் பழக்கி வைத்திருக்கிறோம்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. ஆபீசரிடம் சொல்லாதது. போன மாதம் செல்வமேரியோடு காலை ரவுண்டு போனபோது அவளே பேச்சை எடுத்தாள்.

"அன்னைக்கு நீங்க தட்டுனீகளே சார், உள்ளருந்து எத்தனை தட்டு திரும்பி வந்துச்சு?"

"மூணு" என்றேன்.

"நானும் மூணுதான் கேட்டேன்." அவள் கம்பைத் தோளில் மாற்றிக்கொண்டாள். "நீங்க ரெண்டுதான சார் தட்டுனீக."

வேலிக்குப் பக்கத்தில் போகும்போது இப்போது நானும் கம்பு கொண்டு போகிறேன். மூன்று தரம் தட்டிவிட்டு, தலையைக் குனிந்து நிற்கிறேன்.